பூச்சாட்டு வாரத்தில் ரக்பி

மாரியம்மனுக்கு என் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வியாழக்கிழமை மாலை, சிலையின் வலது தோளிலிருந்து அரளிப் பூ பொத்தென்று விழுந்தபோது கூட்டத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. வருஷா வருஷம் மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு முன்னால் அம்மனிடம் பூ கேட்பார்கள். சிலையின் இரண்டு தோளிலும் பூவை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். இடப்பக்கம் விழுந்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்க வேண்டும். போன வருஷம் நாலு வாரம் இழுத்தடித்த அம்மன் இந்த வருஷம் பூசாரி மணியைக் கீழே வைப்பதற்குள் சரி சொல்லிவிட்டது. உடனே பறை அடித்துப் பூச்சாட்டிவிட்டார்கள். அதாவது நோன்பி தொடங்கிவிட்டது என்று ஊருக்கு அறிவித்துவிட்டார்கள்.

அந்தப் பறைச் சத்தம் கேட்கும்போது யாரெல்லாம் ஊர் எல்லைக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் எட்டு நாள் கழித்துப் பொங்கல் வைத்து முடிக்கும்வரை ராத்திரிப் படுக்கையை எல்லைக்குள்தான் போட வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் வந்துவிட வேண்டும்.

என் கைப்பையில் மறுநாள் மதியம் சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் டிக்கெட் இருந்தது.

சென்னையில் சனியும் ஞாயிறும் ரக்பி. சம்பளம் வாங்கி ஆடுகிற ஆட்டக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், நம் நாட்டுக்காரர்கள் எல்லோரும் கலந்த அணிகள். இரண்டு நாளில் மொத்தப் போட்டியும் முடிந்து ஞாயிறு மாலை பைனல். கல்லூரியில் என்னோடு ஆடிய தோழி எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை வாங்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் திங்கள்கிழமைக்கும் சேர்த்து லீவு சொல்லியிருந்தேன். நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். லீவு வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று டீச்சர்களுக்குத் தெரியும்.

ரக்பி எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதவர்களே இல்லை. விடுதியில் இரண்டு கையிலும் இரண்டு பக்கெட் தண்ணீரோடு நான் மாடிப்படி ஏறியதை விளையாட்டு டீச்சர் பார்த்துவிட்டார். "இந்தத் தோளைச் சும்மா விடக்கூடாது" என்று அடுத்த நாளே மைதானத்துக்கு இழுத்துப் போய்விட்டார். மூன்று வருஷம் முன்வரிசையில் முட்டித் தள்ளினேன். அதுவரை என் உடம்பைப் பற்றி எல்லோரும் சொன்னதெல்லாம் குறைதான். அங்கே மட்டும்தான் அது வேண்டிய பொருளாக இருந்தது. அந்த நன்றி இன்னும் போகவில்லை. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷமாக நான் ரக்பி பார்ப்பதெல்லாம் போனில்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரிய ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்ளும் சத்தத்தை நேரில் கேட்க வேண்டும். வேறு எதுவும் நான் ஆசைப்படவில்லை.

"நான் போறேன்" என்று அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சாட்டியாச்சே" என்றார்.

"எனக்குத் தெரியாமலா சாட்டுனாங்க? நானும் அங்கதான நின்னேன்."

"அதான் புள்ள வம்பே. நீ அங்க நின்னுட்டியே."

மாமியார் குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு நோன்பிக்கு மேலத் தெருக்காரன் சேலத்துல கல்யாணம்னு போயி ராத்தங்கிட்டான் கண்ணு. மக்யா நாளே ஊர்க்கெணத்து மோட்டாரு பொகஞ்சு போச்சு. இன்னைக்கு வரைக்கும் மோட்டாரு மக்கர் பண்ணுனா அவன் பேர்தான் அடிபடுது."

மோட்டார் புகைந்ததற்கு வயர் பழசானது காரணம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னது மோட்டாரைப் பற்றி அல்ல. நான் போய்விட்டு வந்த பிறகு யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வீட்டு மாடு பால் மறந்தாலும், அதை மாமியார்தான் குழாயடியில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். 

வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருந்தும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வீட்டில் இருந்தால் யாரையாவது கடித்துவிடுவேன் என்று தோன்றியது. மதிய இடைவேளையில் பக்கோடா பாயிண்ட் பக்கம் நடந்து போய்ப் பார்த்தால் கீழே நான் பிறந்த சேலம் வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பளபளப்பில் எங்கேயோ என் ரயில் நான் இல்லாமலே புறப்பட்டுக்கொண்டிருந்தது. கூட வந்த டீச்சர், "வியூ நல்லா இருக்கில்ல?" என்றார். ஆமாம் என்றேன். மாலையில் ஐந்தரை மணி பஸ்ஸில், அடைகிற கோழி மாதிரி, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் ஆட்டம். வீட்டுக்குள் போன் எடுக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள பாறையில் உட்கார்ந்து போனை ஒரு குறிப்பிட்ட சாய்வில் பிடித்தால்தான் படம் ஓடும். குடையும் ஒரு பிளாஸ்க் காபியும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

ஏழு ஏழு பேர் ஆடுகிற ரக்பி அது. ஒரு ஆட்டம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் ஒருவருக்கும் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஏழு பேர் நின்றால் ஒவ்வொருவரும் எவ்வளவு தனி என்பது டீவியிலேயே தெரியும். போனில் அவர்கள் எறும்பு அளவுதான் தெரிந்தார்கள், அப்போதும் தெரிந்தது. பச்சைச் சட்டை அணிதான் என் அணி. அதில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குள்ளமான ஆள் இருந்தார். எதிர்ப்பக்கம் பிஜித் தீவிலிருந்து வந்த ஒரு மலை. அந்த மலை பந்தோடு ஓடி வருகிறது. குள்ளர் விலகவில்லை. இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். மலை அப்படியே சாய்ந்தது. நான் பாறையில் உட்கார்ந்தபடியே என் இடது தோளை முன்னால் கொண்டுபோனதில் காபி சிந்திவிட்டது.

விழுந்தவர் எழுந்ததும் குள்ளரின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓடினார். ரக்பியில் எனக்குப் பிடித்ததே இதுதான். நூறு கிலோ ஆட்கள் ஒருவரை ஒருவர் சாய்த்துவிட்டு, அடுத்த நொடி கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். நடுவர் ஒரு ஒல்லியான பெண். அவர் விசில் ஊதிக் கூப்பிட்டால் அந்த மலை அவர் சொல்வதைக் கேட்பதற்காகக் குனிந்து நின்றது. என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன்கள்கூட அப்படிக் குனிந்து கேட்டதில்லை.

என்னைச் சுற்றிக் கூட்டம் சேர ஆரம்பித்தது. நோன்பி சாட்டிய ஊரில் யாரும் தூரமாகப் போகாததால் பொழுதைப் போக்கவேண்டிய கஷ்டம் எல்லோருக்கும் இருந்தது. கணவரின் சித்தப்பா, மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தவர், கயிற்றோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஸ்கிரம். பக்கத்துக்கு மூன்று பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டுகிற கட்டம் அது.

"ஏன் கண்ணு, என்னத்தத் தொலச்சுப்போட்டாங்க? அல்லாரும் குனிஞ்சு தேடறாங்க?"

"தொலைக்கலீங்க மாமா. தள்றாங்க."

"நடுவுல ஒண்ணுமே இல்லியே. எதையத் தள்றாங்க?"

நான் பந்து இப்போது உள்ளே வரும் என்றேன். வந்தது. பின்னால் போயிற்று. எடுத்தவர் இன்னும் பின்னால் எறிந்தார். ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் எறிய வேண்டும். இதை விளக்கியதும் சித்தப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"முன்னாடி போகோணும், ஆனாப் பின்னாடிதான் எறியோணும். இதென்னங்க அக்கிரமம்? எந்தக் கிறுக்கன் போட்ட சட்டம்?"

"போட்டவங்களைக் கேளுங்க மாமா. சட்டம்னா சட்டம்தான். சாட்டுனாச் சாட்டுனதுதான்" என்றேன். சொன்ன தொனி சரியில்லை. அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பச்சைச் சட்டை இரண்டு ஆட்டமும் ஜெயித்தது. இரண்டாவதில் கடைசி நிமிஷத்தில் குள்ளர் கோட்டைத் தாண்டிப் போய், பந்தைத் தரையில் தொட வைத்தார். வெறுமனே தாண்டினால் போதாது, பந்து தரையைத் தொட வேண்டும், அப்போதுதான் அது ட்ரை, அப்போதுதான் புள்ளி. அவர் வாய்க்காப்பை எடுத்துவிட்டுச் சிரித்தபோது படம் அப்படியே உறைந்துவிட்டது. தோழி மைதானத்திலிருந்து செய்தி அனுப்பினாள்: "சத்தம் கேக்குதாடி? எலும்புக்குள்ள கேக்குது." அவள் பக்கத்து இருக்கையையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் அவளுடைய பையும் தண்ணீர் பாட்டிலும் உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. பொழுது சாயும்போது கணவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு அவர் என்னை எழுப்பினார். குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறோடு நின்றார். என் பை கட்டிலின் மேல் இருந்தது. அவரே அடுக்கி வைத்திருந்தார். மைதானத்துக்கென்று நான் வாங்கியிருந்த பச்சைச் சட்டையையும் மறக்கவில்லை.

"கெளம்பு புள்ள. ஊர்க்கவுண்டர் ஊட்டுக்குப் போயிட்டு அப்படியே மொத பஸ்ஸுக்குப் போயிறலாம். மத்தியானம் மூணு மணிக்கு மெட்ராஸு போயிருவே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போகிற வழியில் சொன்னார். பூச்சாட்டு சமயத்தில் விருந்தாளி யாராவது ஊரில் மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு ஒரு வழி உண்டாம். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று தன் சொந்த ஊர் எது என்று வாயால் சொன்னால், அந்த ஆளைச் சாட்டு கட்டுப்படுத்தாது. போகலாம். ஆனால் நோன்பி முடியும்வரை திரும்பி உள்ளே வரக் கூடாது. "நீ உங்கம்மா ஊட்டுல இருந்துட்டு வெள்ளிக்கெழமை வா. நானே கூப்புட வர்றேன்" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊருக்குள் பகலில் நாங்கள் கைபிடித்து நடப்பதில்லை. அன்று நடந்தோம்.

ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கவுண்டர் வாயைக் கொப்பளித்துவிட்டு, என் பையைப் பார்த்தார்.

"என்னுங்க மாப்ள, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. இவளுக்கு மெட்ராஸுல ஒரு சோலி. போயே ஆகோணும்."

"சாட்டியாச்சுங்களே."

"அது நமக்குத்தானுங்க. இவ நம்மூர்க்காரி இல்லியே. கீழ இருந்து வந்தவதான. வெளியாளுன்னு நெனச்சு உட்டுருங்க."

அவ்வளவுதான் சொன்னார். சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். சித்தப்பா மூங்கிலைத் தோளில் வைத்தபடி தலையாட்டினார். மற்ற இருவரும் ஆமாம் என்பது போலப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் இது பொய் என்ற எண்ணமே இல்லை.

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "அப்புடிங்களா கண்ணு? உனக்கு எந்த ஊரு? நீயே சொல்லிப்போடு, போயிட்டு வா."

சேலம். மூன்று எழுத்து. சொல்லிவிட்டால் பஸ், ரயில், பச்சைச் சட்டை, தோழிக்குப் பக்கத்து இருக்கை, எலும்புக்குள் கேட்கும் சத்தம். கீழ் வளைவில் பஸ் ஏறி வருகிற முக்கல்கூடக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒன்பது வருஷம் இந்த மண்ணில் காபிப்பழம் பொறுக்கியிருக்கிறேன். மாமனார் படுத்தபோது அவருக்கு எல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறேன். வெளியாளாம்.

"இந்த ஊருதானுங்க" என்றேன்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுண்டர் சரிதான் என்பது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பச் செரி. ஊர்க்காரின்னா இங்கதான் இருக்கோணும்" என்றார். பஸ் வந்தது, நின்றது, போய்விட்டது. நாங்கள் மூவரும், நானும் அவரும் பையும், திரும்பி நடந்தோம். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்துவிட்ட பிறகு நானே உள்ளே இருந்து தாழ் போட்டுக்கொண்டேன் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் முழுசாக உறைத்தது.

மாமியாருக்கு விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். "நொம்பச் செரியாச் சொன்னே சாமி" என்றார். கையோடு இரண்டு கூடை வேப்பிலையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தோரணத்துக்கு உருவ வேண்டும். நாளை முதல் கோயில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற முறை நம் வீட்டுக்கு வருகிறது, விடிவதற்குள் போக வேண்டும் என்றார். இதற்கு முன்னால் எந்த நோன்பியிலும் அந்த முறைக்கு என்னைக் கூப்பிட்டதில்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மதியம்வரை வேப்பிலை உருவினேன். கை கசந்தது. கணவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவரிடம் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். உதவி செய்ய வந்த மனுஷன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் ஆத்திரம் இன்னும் கூடியது.

பைனல் ஆறு மணிக்கு. பச்சைச் சட்டை அதுவரை வந்துவிட்டிருந்தது. நான் பாறைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். போனை நடுவில் வைத்தேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி நான் வருஷக்கணக்கில் பேசலாம். முதல் பாதியில் பச்சைச் சட்டைக்கு எதுவுமே கைகூடவில்லை. பைனலிலும் எதிர்ப்பக்கம் வந்து நின்ற அந்தப் பிஜிக்காரர் இரண்டு முறை கோட்டைத் தாண்டினார். தாண்டிய பிறகு ஓட்டத்தைக் குறைத்து, பின்னால் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது மாதிரிப் பந்தைக் கீழே வைத்தார். இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் ஒன்று திருப்பினார்கள். பிறகு இன்னொன்று. கடைசியில் இரண்டே புள்ளி வித்தியாசம். நேரம் முடிந்ததற்கான ஹாரன் ஊதிவிட்டது. ரக்பியில் ஹாரன் ஊதினாலும் ஆட்டம் முடிவதில்லை. பந்து வெளியே போக வேண்டும், இல்லை தப்பு நடக்க வேண்டும். அதுவரை யாரும் வெளியேற முடியாது. பின்தங்கியிருந்த பச்சைச் சட்டை பந்தைக் கீழே விடாமல், வெளியே விடாமல், இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் சுவர் மாதிரி எதிர்ப்பக்கம் நின்றது. நின்று மூச்சு வாங்கக்கூட வழியில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கணவர் தன்னை அறியாமல் என் பக்கம் நகர்ந்து வந்து, "வுடாத, வுடாத" என்று முனகிக்கொண்டிருந்தார். பந்து கடைசியாகக் குள்ளரிடம் வந்தது. அவருக்கு முன்னால் கோடு வெறுமையாக இருந்தது. பந்து விரல் நுனியில் பட்டு முன்னால் நழுவியது. கை பட்டு முன்னால் போனாலும் தப்புதான். நடுவர் விசில் ஊதினார்.

நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவர் என் முதுகைத் தடவினார். "உடு புள்ள. ஆட்டந்தான. அடுத்த வருசம் ஜெயிப்பாங்க" என்றார்.

"நான் அதுக்கு அழுவலை."

அவர் கை நின்றது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "வெளியாளுன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தை உங்களுக்கு எப்படி அவ்வளவு லேசா வந்துச்சு? பொய் சொல்றோம்னு ஒரு தடவையாவது நாக்குத் தடுமாறலையா?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதோ தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்ட மாதிரியான பார்வை.

"பொய்யின்னு நெனக்கலியே புள்ள. நீதான தெனமும் சொல்றே? கரண்டு போனா உங்கூரு கரண்டும்பே. பஸ்ஸு வரலைன்னா உங்கூரு பஸ்ஸும்பே. பனி, அட்டை, தண்ணி, சாமி, அல்லாமே உங்கூருதான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நம்மூருன்னு உன் வாயில வந்துதில்லை. நானும் கேட்டுக் கேட்டு, செரி, அவளுக்கு இது நம்மூரு இல்ல போலன்னு உட்டுட்டேன். இன்னைக்குக் காலையில நீ அப்புடிச் சொன்னப்போ எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டுது."

அபாண்டம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? தினமும் சொல்கிறேனாம். இதற்கு நன்றாக ஒரு பதில் கொடுக்காமல் விடக் கூடாது என்று அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"உங்கூருல..." என்று ஆரம்பித்தேன்.